சாவடியில் என் பேருக்குப் பதில் சொன்ன மாப்ளைக்கு

ஒச்சப்பா, என் தங்கச்சி புருசனே, ஊருக்கே எகத்தாளம் காட்டுன என் மாப்ளைக்கு,

முதல்ல சேதியைச் சொல்லிர்றேன், நலம் அப்புறம் விசாரிக்கிறேன். சட்டத்தை எடுத்துட்டாங்க மாப்ள. ரேகைச் சட்டம் இனி கிடையாது. ஏட்டு வரமாட்டாரு, லாந்தர் வராது, யாரும் யார் பேரையும் கூப்பிட மாட்டாங்க. நம்ம சாவடிக்குள்ள இப்ப ஆடுதான் படுத்துக் கெடக்கு.

இந்தச் சேதி உனக்கு வந்து சேரலைன்னு போன வாரந்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு பின்னால சொல்றேன்.

உனக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார் காதைத் திருகிட்டாருன்னு சிலேட்டைக் கிணத்துல போட்டுட்டு மாடு மேய்க்கப் போனவன் நீ. அதனால இந்தக் கடுதாசியைச் சாவடியில உக்காந்து உரக்கப் படிக்கப் போறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புறேன், நாலு பேரு கேக்கட்டும். வாய்விட்டுப் படிக்கத்தான் எழுதுறேன்கிறதால நம்ம பேச்சுலயே எழுதுறேன். பட்டணத்துல படிச்சவன் எழுத்தான்னு யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

படிக்கிற வெளியூர் ஆளுகளுக்கு ரேகைச் சட்டம்னா விளங்காது. ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன், நீ பொறுத்துக்க. நாகமலைக்கு மேற்க நம்ம ஊர்கள்ல பொறக்கிற ஆம்பளை அம்புட்டுப் பேரும் திருடனாத்தான் பொறக்கிறோம்னு சர்க்கார் ஒரு சட்டம் வச்சிருந்துச்சு. மீசை முளைச்சதும் பத்து விரலையும் மையில தோய்ச்சு ரேகை எடுப்பாங்க. அன்னையில இருந்து விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாவடியில போய்க் குந்தணும். ஏட்டு வந்து பேர் வாசிப்பாரு. "இருக்கேன் ஏட்டையா"ன்னு சொல்லணும். சொல்லிட்டு அங்கனயே படுத்துக் கெடந்து, விடிஞ்சுதான் வீட்டுக்குப் போகணும். பதில் வரலைன்னா ஜெயிலு.

என் தங்கச்சி ராக்கைக் கட்டுன புதுசுல நீ ஏட்டுகிட்ட, "எம் பொண்டாட்டி பேரையும் ஏத்திருங்கையா, சேர்ந்து இங்கயே படுத்துக்கிறோம்"னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? கன்னத்துல விழுந்த அறை சாவடிக்கு வெளிய கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் வாங்குனே. தங்கச்சி புருசனை "வாங்க போங்க"ன்னு கூப்பிடணும்னு எங்க ஆத்தா எனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்துச்சு. உன்னைப் போயி எவன் வாங்க போங்கன்னு கூப்பிடுவான்?

நம்மளைத் திருடன்னு சொன்ன அதே சர்க்கார்தான் நமக்குப் பள்ளிக்கூடமும் வச்சுச்சு. பகல்ல வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டாரு, பொழுது சாய ஏட்டு கூப்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே மதுரையில காலேஜ் முடிச்சேன். அப்புறம் பட்டணத்துல சட்டம் படிக்க இடம் கெடைச்சப்பதான் வினை வந்துச்சு. ஊரைத் தாண்டிப் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். அதை ஒரு நாள் ரெண்டு நாளுக்குத்தான் தருவாங்க, மாசக்கணக்குக்குத் தரமாட்டாங்க. படிச்சவனுக்கு விலக்கு உண்டுன்னாங்க, மனுப் போட்டேன், போன மனு போனதுதான். எங்கப்பன் வாங்குன கெட்ட பேரு எனக்கும் சேர்ந்து நின்னுச்சு.

"நீ போ மச்சான்"னு நீதான் சொன்னே. கம்மாக்கரையில எருமையைக் குளிப்பாட்டிக்கிட்டே சொன்னே. "உம் பேருக்கு நான் சொல்லிக்கிறேன். அந்த ஆளு லாந்தரை எழுத்து மேல வச்சுக்கிட்டு குனிஞ்சே வாசிக்கிறாரு. நிமிந்து எவன் மூஞ்சியையும் பார்த்ததில்ல. குரல்தானே வேணும்?"

சொல்லிட்டு என் குரல்ல ஒரு தடவை பேசிக் காட்டுனே. எருமைகூட என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு மூக்கால வர்ற அந்த இழுப்பு, முதல் எழுத்துல ஒரு தயக்கம், எல்லாம் அப்படியே. கோயில் கொடையில பெரிய மனுசங்க மாதிரிப் பேசிக் காட்டி உதை வாங்குன வாயில்ல அது. ஆனா அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல. கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் நான் கேக்காமலே பேசிட்டாப்ல இருந்துச்சு.

அப்படித்தான் நான் பட்டணம் போனேன். சாவடியில உன் பேரு முன்னால வரும், என் பேரு கடைசியில வரும். முன்னாடி உன் கரகரத்த குரல்ல ஒரு தரம் சொல்லிட்டு, கம்பளிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, என் குரல்ல ஒரு தரம். ஏட்டுக்கு இது தெரியும்னு உனக்கும் தெரியும். பண்டிகைக்கு ஒரு சேவல் அவரு வீட்டுக்குப் போயிரும். அவரும் புள்ளகுட்டிக்காரரு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டாரு.

நான் என்ன படிக்கிறேன்னு லீவுக்கு வர்றப்பல்லாம் கேப்பே. சர்வதேசச் சட்டம்னு சொன்னேன். "அப்படின்னா?"ன்னே. நாடும் நாடும் எப்படி நடந்துக்கணும்கிற சட்டம்னேன். "நாட்டுக்குச் சட்டம் போடுற ஏட்டு யாருடா?"ன்னு கேட்டே. ஒண்ணு சொல்லவா, அந்தக் கேள்விக்குப் பேராசிரியர்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க.

ஒரு நாள் வகுப்புல பாஸ்போர்ட்டைப் பத்திப் பாடம். ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போறவன் வாங்குற சீட்டுன்னாரு பேராசிரியர். நான் எந்திரிச்சு, "ஒரே நாட்டுக்குள்ள, நாகமலையில இருந்து பரவைச் சந்தைக்குக் கத்தரிக்கா விக்கப் போறதுக்குச் சீட்டு வாங்குறவனை இந்தச் சட்டத்துல என்னன்னு சொல்றது சார்?"னு கேட்டேன். வகுப்பு சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. "இந்தச் சட்டத்தோட கண்ணுக்கு நாடுதான் தெரியும். தனி மனுசன் தெரியமாட்டான்"னாரு. நல்ல மனுசன், இருக்கிறதைச் சொன்னாரு.

இன்னொரு பாடம் போர்க்கைதிகளைப் பத்தி. சண்டையில பிடிபட்டவன் எதிரியோட கையில செத்தான்னா, அவன் சொந்த நாட்டுக்குச் செத்த சேதியைத் தாக்கலாச் சொல்லி அனுப்பணும், மரியாதையா அடக்கம் பண்ணணும்னு நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கு. அன்னைக்கு விடுதியில இதைப் பத்திப் பேச்சு வளர்ந்துச்சு. சமூக நீதின்னு ஆளாளுக்கு மேசையைத் தட்டுனாங்க. எதிரிக்குக் கெடைக்கிற மரியாதை சொந்தக் குடிக்கு இல்லையேன்னு கத்திட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஒப்பந்தம் போட்டவங்களுக்கு நம்ம சாவடி எங்க தெரியப் போகுது?

என் கூட அறையில இருந்தவன் காஜா மைதீன். மதுரைக்காரன்தான், பழைய ஊருக்குள்ள அவங்கத்தாவுக்கு, அதாவது அவங்கப்பாவுக்கு, துணிக்கடை. என்கிட்ட ஒரு கோளாறு இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சவன் அவன்தான். பொழுது சாஞ்சு விளக்கு ஏத்துனதும், நான் படிச்சுக்கிட்டிருந்தாலும், தின்னுக்கிட்டிருந்தாலும், பேச்சை நிப்பாட்டிட்டுக் குந்த வச்சு உக்காந்துருவேனாம். கொஞ்ச நேரங்கழிச்சு, "இருக்கேன்"னு மெதுவாச் சொல்லிட்டு எந்திரிப்பேனாம். எனக்கே தெரியாது. நம்ம சனத்துல வெளியூர் போன எவனுக்கும் இந்தப் பழக்கம் விட்டிருக்காதுன்னு நினைக்கிறேன். உடம்பு மறக்கமாட்டேங்குது மாப்ள.

அந்த வருசப் பரீட்சை சமயத்துலதான் அது மாறுச்சு. ஒரு நாள் விளக்கு வச்சதும் வழக்கம்போலக் குந்துனேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரல. தொண்டையில வலி இல்ல, சளி இல்ல. யாரோ குரலை எடுத்துக்கிட்டுப் போனாப்ல தொண்டை காலியா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானாத் திரும்பி வந்துச்சு. மறுநாளும் அதே நேரத்துக்கு அப்படியே. அதுக்கு மறுநாளும். காஜா மிளகுக் கசாயம் வச்சுக் கொடுத்தான். "பரீட்சைப் பயம்டா"ன்னான். சர்வதேசச் சட்டத்தைப் பகல்ல எழுதிட்டு, சாயந்தரம் ஊமையாக் கெடந்தேன்.

நீ காய்ச்சல்ல செத்துப் போனது அப்பத்தான்னு எனக்குத் தெரியாது. பரீட்சை கெட்டுரும்னு ராக்கு எனக்குத் தாக்கல் அனுப்பவிடலையாம். "எம் புருசன் உசிரைக் கொடுத்துப் படிக்க வச்சது அண்ணன் அழுகையில போகவா?"னு சொன்னாளாம். அவ வாயைப் பத்தி உனக்குச் சொல்லணுமா!

லீவுக்கு ஊருக்கு வந்தேன். வெறும் நெத்தியோட ராக்கு வாசல்ல நிக்கிறதைப் பார்த்ததும் என் பெட்டி கைநழுவி விழுந்துச்சு. என்னத்த சொல்ல. அவ அழல. என்னைச் சுவரோரமா இழுத்துக்கிட்டுப் போயி, "அண்ணே, நீ பட்டணத்துலதானே இருந்தே? நடுவுல ஊருக்கு வரலையே?"ன்னு கேட்டா. இல்லையேன்னேன். அவ மூஞ்சி வெளிறிப் போச்சு.

அவ சொல்லித்தான் கேட்டேன். உன்னை எரிச்ச அன்னைக்குச் சாயந்தரமும் ஏட்டு வந்தாரு. ஒச்சப்பன் செத்துட்டான்னு ஊரே சொல்லுச்சு. மேல இருந்து காகிதம் வராம பேரை எடுக்க முடியாதுன்னுட்டு உன் பேரை வாசிச்சாரு. பதில் இல்ல. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கடைசியா என் பேரை வாசிச்சாரு. அந்தத் தூணோரத்துல இருந்து, நீ படுக்கிற இடத்துல இருந்து, "இருக்கேன் ஏட்டையா"ன்னு என் குரல் வந்துச்சு.

அந்த இடத்துல ஆள் இல்ல. உன் ஓலைப்பாய் சுருட்டி வச்சபடி இருந்துச்சு.

செத்துப் போனவனே, உன் பேருக்கு நீ பதில் சொல்லல. என் பேருக்கு மட்டும் சொன்னே. அன்னைக்கு மட்டுமில்ல, நான் வர்ற வரைக்கும் தினமும் சொன்னே.

நான் நம்பல. சாயந்தரம் நானே சாவடியில போய்க் குந்துனேன். சட்டம் படிச்சவனில்லையா, எவனோ வெளையாடுறான், பிடிச்சுருவோம்னு உன் தூணுக்குப் பக்கத்துலயே குந்துனேன். மத்த ஆளுக தள்ளித் தள்ளி எதிர்ச் சுவரோட ஒட்டி உக்காந்திருந்தாங்க. லாந்தர் வெளிச்சத்துல அம்புட்டுப் பேர் கண்ணும் என் மேல. ஏட்டு வாசிச்சுக்கிட்டே வந்தாரு. "வீரணன்"னாரு. வாயைத் திறந்தேன். தொண்டை காலி. என் காதுக்குப் பக்கத்துல, கம்பளிக்குள்ள இருந்து வர்றாப்ல, "இருக்கேன் ஏட்டையா"ன்னு நான் சொன்னேன். நான் சொல்லல மாப்ள. ஆனா நான் சொன்னேன். நீ உசிரோட இருந்தப்ப என் குரலைப் போலப் பேசுனே. செத்தப்புறம் என் குரலையே எடுத்துக்கிட்டே.

பயம்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உள்ளங்கால் சில்லுன்னு ஆயிருச்சு. ஆனா, சிரிக்காதே, மூக்குல உன் பீடி வாசமும் வந்துச்சு. பாதிப் பயத்துல அழுகை வந்துருச்சு.

நீ எனக்குச் செஞ்ச நல்லது ராக்குக்கு வினையா வந்து நின்னுச்சு. ஏட்டு நினைச்சதுல தப்பு சொல்லவும் முடியாது. இம்புட்டு நாளா வீரணன் பேருக்குப் பதில் சொன்னது ஒச்சப்பன்னு அவருக்குத் தெரியும். செத்துட்டான்னு சொன்ன பிறகும் அதே பதில் வருதுன்னா? ஒச்சப்பன் சாகல, செத்ததாச் சொல்லிட்டு ஒளிஞ்சு கெடக்கான், சாவடி வரைக்கும் வந்து போறான். இதுதான் அவரு கணக்கு. புதுசா வந்த இன்ஸ்பெக்டரும் அதைத்தான் நம்புனாரு. உன்னை எரிச்சுச் சாம்பலை வைகையில கரைச்சாச்சு. தோண்டிக் காட்ட ஒண்ணும் இல்ல. ஊர் அம்புட்டும் சாட்சி சொல்லுச்சு. நம்ம சனத்தோட சாட்சியை எந்தக் கோர்ட்டு நம்பியிருக்கு?

தலைமறைவா இருக்கிறதா உன் மேல கேஸ். உனக்கு இடம் கொடுத்ததா ராக்கு மேல கேஸ். உன் ரெண்டு காளையையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. செவலை போக மாட்டேன்னு உன் வீட்டு வாசல்லயே படுத்துக்கிச்சு. வாலை முறுக்கித்தான் எழுப்புனாங்க. ராக்கு தாலியறுத்த சூடு ஆறல, ஜெயிலுக்குப் போகணும்னு நிலைமை.

நான் போய் உண்மையைச் சொல்லிரலாம்னு ராக்குகிட்ட சொன்னேன். சாவடியில கேட்டது ஒச்சப்பன் இல்ல, நான் ஊர்லயே இல்ல, பட்டணத்துல பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன்னு சொல்லிர்றேன்னேன். அவ கையை ஓங்கிட்டு வந்தா. "சொல்லு! சொல்லிட்டு நீயும் உள்ள போ. ஊர்ல இல்லாதவன் பேருக்குக் குரல் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க. பேயின்னு சொல்லுவியா? படிச்ச படிப்பும் போச்சு, அவரு செஞ்சதும் வீணாப் போச்சு. ரெண்டையும் அடுப்புல போடு."

மதுரைக் கோர்ட்டுக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். லீவுல ஊருக்கு வந்திருந்த காஜாவும் வந்து பெஞ்சுல உக்காந்துக்கிட்டான். பகல் முழுக்க எங்க கேஸை எடுக்கல. மேகம் மூடி, உள்ள விளக்கைக் கொண்டாந்து வைக்கிற நேரத்துலதான் சேவகன் வாசல்ல நின்னு கூப்பிட்டான். "ஒச்சப்பன்! ஒச்சப்பன்! ஒச்சப்பன்!" மூணு தடவை. ராக்கு என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருச்சு. நீ பதில் சொல்லிருவியோன்னு எங்க ரெண்டு பேருக்குமே பயம். நீ சொல்லல. எப்பவும் போல உன் பேருக்கு நீ சொல்லல.

ஏட்டு கூண்டுல ஏறிச் சொன்னாரு. ஒச்சப்பன் குரலைக் காதால கேட்டேன்னாரு. மாஜிஸ்திரேட்டு வயசானவரு, பாதித் தூக்கத்துல இருக்காப்ல இருந்தவரு, தலையைத் தூக்கி, "நீ யார் பேரைக் கூப்பிட்டப்போ அந்தக் குரல் வந்தது?"ன்னு கேட்டாரு.

"வீரணன் பேருக்குங்க."

"வீரணன் பேரைக் கூப்பிட்டா வீரணன்தானே பதில் சொல்லணும்? வீரணன் அங்கே இல்லையா?"

ஏட்டுக்கு வேர்த்துருச்சு. இல்லைன்னு சொன்னா, இல்லாதவனை இத்தனை நாளா இருக்கான்னு எழுதுனது அவரு. இருந்தான்னு சொன்னா உன் மேல கேஸே இல்ல. "இருந்தாப்லதாங்க. ஆனா குரலு..."ன்னு இழுத்தாரு.

மாஜிஸ்திரேட்டு என்னைக் கூப்பிட்டாரு. "நீதான் வீரணனா? சாவடியில் சொல்றதை இங்கே சொல்லு. கேக்கலாம்."

கூண்டுல ஏறி நின்னேன். வெளிய இருட்டு கட்டிருச்சு. விளக்கு எரியுது. எனக்குக் குரல் போற நேரம் அது. போயிருச்சு. வாயைத் திறக்கிறேன், மூடுறேன், காத்துக்கூட வரல. ஏட்டு என்னையே பார்க்குறாரு. ராக்கு தலையில கை வச்சுக்கிட்டா. நான் ஊமையா நின்னா உன் பொண்டாட்டி ஜெயிலுக்குப் போறா, அம்புட்டுத்தான்.

அப்பதான் என் வலது தோளுக்குப் பின்னால, அவ்வளவு கிட்டத்துல, தெளிவா, மூக்கால இழுத்து, முதல் எழுத்துல கொஞ்சம் தயங்கி: "இருக்கேன் ஏட்டையா."

கீழ எறங்கி நின்ன ஏட்டு கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு. "இதே குரல்தாங்க"ன்னாரு. மாஜிஸ்திரேட்டு பேனாவை எடுத்தாரு. வீரணன் பேருக்கு வீரணன் பதில் சொல்லியிருக்கான், ஒச்சப்பன் செத்தது செத்ததுதான், அந்தப் பொம்பளையை வீட்டுக்கு அனுப்புங்க, மாட்டைத் திருப்பிக் கொடுங்கன்னு முடிச்சுட்டாரு.

வெளிய வந்ததும் காஜா என் சட்டையைப் பிடிச்சு ஓரமா இழுத்தான். அவனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்துச்சு. "வீரணா, நான் உன் வாயையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ வாயை மூடுன பிறகுதாண்டா சத்தம் வந்துச்சு." அன்னையில இருந்து அவன் என்கிட்ட அதைப் பத்திப் பேசவே இல்ல, போன வாரம் வரைக்கும்.

அப்புறம் உன் பேரை எடுத்துட்டாங்க. மனுவும் ஒரு வழியா வந்து எனக்கு விலக்கும் கெடைச்சுருச்சு. சாவடிக்கு நான் போகவேண்டிய சோலி இல்ல, உன் குரலும், அதாவது என் குரலும், அப்புறம் கேக்கல. நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு நினைச்சேன். பி.எல். முடிச்சேன். சர்வதேசச் சட்டத்துலயே மேல்படிப்புக்குப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தேன். உலகச் சண்டை முடிஞ்சுருச்சு மாப்ள. நாடுகளெல்லாம் கூடி உக்காந்து, தனி மனுசனுக்கும் உரிமை இருக்குன்னு எழுதப் பார்க்குறாங்களாம். நம்ம நாடு நம்ம கைக்கு வந்துருச்சு. ரேகைச் சட்டமும் போச்சு. நீ இருந்திருந்தா ஏட்டு வீட்டு வாசல்ல போய் நின்னு எல்லாரு குரல்லயும் "இருக்கேன்" சொல்லி அவரைப் பைத்தியமாக்கியிருப்பே.

இப்ப போன வாரக் கதைக்கு வாரேன்.

சாயந்தர வகுப்பு. புதுப் பேராசிரியர், விளக்கைப் போட்டுட்டு ஆஜர் எடுத்தாரு. "வீரணன்"னாரு. "பிரசெண்ட் சார்"னு சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை காலி. அந்த இடத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கடைசிப் பெஞ்சுல இருந்து வந்துச்சு: "இருக்கேன் ஏட்டையா."

வகுப்பு குலுங்கிச் சிரிச்சுச்சு. பேராசிரியருக்குக் கோவம். "யார் அது?"ன்னு கேட்டாரு. கடைசிப் பெஞ்சுல யாரும் உக்காரல.

சட்டம் போனது உனக்குத் தெரியல. இன்னும் எவனோ லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் தேடுறான்னு நினைச்சு, எனக்காகப் பட்டணத்துக்கே வந்துட்டே. ஊரை விட்டு வர உனக்குச் சீட்டு கொடுத்தது யாரு மாப்ள?

காஜாகிட்டப் போய்ச் சொன்னேன். அவன் இப்ப அவங்கத்தா கடையைப் பார்த்துக்கிறான், துணி வாங்கப் பட்டணம் வந்திருந்தான். கையில இருந்த துணியை மடிச்சு வச்சான். "மவுத்தான ரூஹுக்கு, செத்தவரு ஆவிக்கு, எவண்டா வந்து தாக்கல் சொல்லுவான்? சர்க்கார் நமக்குத்தான் சொல்லுச்சு. அவருக்கு யாரு சொன்னா? நீதான் போய்ச் சொல்லணும்"னான். எதிரி நாட்டுக் கைதிக்குக்கூடத் தாக்கல் போகணும்னு நான் படிச்ச பாடம், எனக்குத் தோணல, அவனுக்குத் தோணுச்சு.

அதனால ஊருக்கு வந்தேன். ராக்குகிட்டச் சொன்னேன். அவ மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தா. கையை உதறிட்டு என்னை முறைச்சா. "உனக்கு மட்டும் குரல் கொடுக்கிறாரு பாரு. என்னை ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'ஏய் ராக்கு'ன்னு கூப்பிட்டாரா? அந்தத் தூணுக்குப் பக்கத்துல எம்புட்டு நாளு போய் நின்னிருக்கேன் தெரியுமா?" அப்பதான் அவ அழுதா. உன்னை எரிச்சப்பவும் அழாதவ, இப்ப அழுதா. பரவையில இருந்து அவளைக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயிருக்கு, நல்ல இடம்தான். அவ பதில் சொல்லாம இருக்கா. நீ இன்னும் இங்கன எங்கயோ இருக்கேங்கிறதுதான் காரணம்னு நினைக்கிறேன். நீ என்ன சொல்றே?

மூஞ்சியைத் துடைச்சுட்டு அவ சொன்னது என்னைக் குத்திருச்சு. "அண்ணே, செத்தவுகளுக்கும் அங்க யாராவது பேர் கூப்பிடுவாக இல்ல? அவரு பேரையும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. இவரு இங்க உம் பேருக்கு நின்னுக்கிட்டிருக்காரு. போகச் சொல்லு."

இதை நான் யோசிக்கவே இல்ல மாப்ள. சாவடியிலயும் கோர்ட்டுலயும் உன் பேருக்கு ஏன் பதில் வரலைன்னு மட்டுந்தான் யோசிச்சேன். அங்க எத்தனை தடவை உன்னைக் கூப்பிட்டாங்களோ? எத்தனை தடவை நீ இல்லைன்னு எழுதிக்கிட்டாங்களோ? எனக்காக ஆஜர் சொல்லிச் சொல்லி, உன் இடத்துல நீ இல்லாதவனா நிக்கிறியே.

இதை எழுதி முடிக்கிறப்ப வெயில் சாஞ்சிருச்சு. ராக்கு விளக்குத் திரியைக் கிள்ளுற சத்தம் கேக்குது. இதைக் கையில எடுத்துக்கிட்டுச் சாவடிக்குப் போறேன். ஆட்டை வெளிய பத்திவிட்டுட்டு உன் தூணுக்குப் பக்கத்துல குந்தி, முதல் வரியில இருந்து படிப்பேன். ராக்கும் வாரேன்னுருக்கா. பீடி ஒண்ணு பத்த வச்சுத் தூணோரம் வைக்கிறேன்னு சொல்லியிருக்கா.

உனக்கு ஒரு வாக்குத் தாரேன். இனி பள்ளிக்கூடத்துலயோ, கோர்ட்டுலயோ, எந்த நாட்டுச் சபையிலயோ என் பேரை யார் கூப்பிட்டாலும் நானே பதில் சொல்லுவேன். நம்ம சனம் மாதிரி எவனையாவது எங்கயாவது குந்த வச்சுப் பேர் கூப்பிட்டா, அங்கயும் போய் எந்திரிச்சு நிப்பேன். அதுக்கு எனக்கு என் குரல் வேணும் மாப்ள. கொடுத்துட்டுப் போ. அங்க உன்னைக் கூப்பிடுறப்ப, உன் கரகரத்த குரல்லயே, உன் பேருக்கு நீ சொல்லு.

கடைசி வரியில என் பேர் வருது. அதை நானே கூப்பிடுவேன், நானே பதில் சொல்லுவேன். ஒரே ஒரு தடவை, நீ வாயைத் திறக்காம இரு.

வீரணன்.

இருக்கேன்.

உன் ராக்கோட அண்ணன், உன் மச்சான்.